பழைய காரின் ஐட்லிங் தடுமாற்றம்: காரணமும் தீர்வும்

ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையிலும் எஞ்சின் அணைந்துவிடாமல் தானாகச் சுழல்வதை ஐட்லிங் என்பர். சிறிய பெட்ரோல் கார்களில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 800 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும். அப்போது, காற்றின் வரவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கிடப்பதால் எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் எரிபொருளும் மிகக் குறைவாகவே இருக்கும்; ஆகவே வேகத்தில் வெளித்தெரியாத சிறு பழுதுகூட இந்நிலையில் பெரிதாக வெளிப்படும். அஸ்தினாபுரத்திலிருந்து புறப்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் குறையின்றி ஓடும் பழைய கார், குரோம்பேட்டை சிக்னலில் நின்றதும் குலுங்கி அணைவது இதனால்தான்.

பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையின் ஹெரால்டு கார்களும், 1983-இல் அறிமுகமான மாருதி 800-இன் தொடக்ககால வண்டிகளும் பெட்ரோலையும் காற்றையும் கார்பரேட்டரில் கலந்தன. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை பரவியது. இவ்விரு வகைகளிலும் முதலில் ஆராய வேண்டியவை பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர் ஆகியவை. ஹெரால்டு போன்ற வண்டிகளில் தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டின் இடைவெளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்றுக் கசிவு. இன்டேக் மேனிஃபோல்டு எனப்படும் உள்ளிழுப்புக் குழாயின் கேஸ்கட்டும், அதனோடு இணைந்த ரப்பர் ஹோஸ்களும் வெப்பத்தில் இறுகி வெடிக்கும்போது, கணக்கில் வராத காற்று உட்புகுந்து கலவையை நீர்க்கச் செய்கிறது. எஞ்சின் ஓடும்போது ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பார்த்து, எதை அடைத்தால் ஓட்டம் சீராகிறதோ அந்தப் பாதையில் கசிவு உள்ளதென அறியலாம். பிரேக் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஐட்லிங் மாறியே இருந்தால் பிரேக் பூஸ்டர் கசிகிறது என்று ஐயுறலாம்; அது பாதுகாப்பையே பாதிப்பதால் உடனே சரிசெய்யப்பட வேண்டும்.

கார்பரேட்டர் வண்டியில், எஞ்சின் சூடான பின்னரும் சோக்கைச் சற்று இழுத்தால்தான் ஓட்டம் சீராகிறது என்றால், பெட்ரோல் போதவில்லை என்பது பொருள். காற்றுக் கசிவு இல்லாதபட்சத்தில், ஐட்லிங்குக்கான நுண்துளையாகிய ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருக்கக்கூடும். மாறாக, கரும்புகை வந்தால் ஃப்ளோட் மட்டத்தையும் ஊசி வால்வையும் பார்க்க வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் த்ராட்டில் பாடியிலும், ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐ.ஏ.சி. வால்விலும் படியும் கரியே பெரும்பாலும் காரணமாகிறது; சூடான எஞ்சினைக் குளிர்ந்ததாகக் கணினிக்குத் தவறாகத் தெரிவிக்கும் வெப்ப சென்சாரும் சுற்றுகளை ஏற்றி இறக்கும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தாம்பரம் வட்டாரத்தில் நீரில் நின்ற வண்டிகளில், சென்சார் இணைப்பிகளில் பச்சைக் களிம்பு படிந்துள்ளதா என்பதையும் பார்ப்பது நன்று.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் இன்று கவனிக்கத்தக்கது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கென அமைக்கப்பட்ட கார்பரேட்டரில் கலவை மேலும் நீர்க்கிறது. எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் பாகங்களும் விரைவில் கெடுகின்றன.

இவற்றையெல்லாம் ஆராயாமல் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகிச் சுற்றுகளை ஏற்றிவிடுவது பழுதை மறைக்குமே தவிர நீக்காது. புகைச் சான்றிதழுக்கான சோதனையும் ஐட்லிங் நிலையிலேயே நடைபெறுகிறது. பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடும், பாரத் ஸ்டேஜ் 2, 3 வகைகளுக்கு 0.5 விழுக்காடும் வரம்பாகும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க எண்ணுவோர் தீப்பொறி, காற்று, எரிபொருள் என்னும் வரிசையில் பழுது பார்த்து, ஸ்க்ரூவை இறுதியில் மட்டுமே தொடச் சொல்வது பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.