முதலில் அடுப்பை அணையுங்கள்

பருப்பு நுரை ஏறிக் குக்கரின் ஆவிக்குழாய் அடைத்துக்கொள்ளும். விசில் வராது, அடியில் தீ மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அப்போது யாரும் மூடியைத் திருகப் போவதில்லை. அடுப்பை அணைப்போம், ஆவி இறங்கவிடுவோம், அப்புறம்தான் மூடி. வாழவே வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டவருக்கும் இந்த வரிசையே பொருந்தும். வீடுகளில் நடப்பதோ தலைகீழ். "என்னதான் ஆச்சு, சொல்லு" என்று எடுத்தவுடன் மூடியோடு மல்லுக்கட்டுகிறோம்.

ஹைதராபாத் குஷாய்குடாவில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டிவிட்டது. சொந்தபந்தமெல்லாம் ஊரில். தம்பி, "நான் இருந்து என்னக்கா பிரயோஜனம்?" என்கிறான்.

அக்கா முதலில் அணைக்க வேண்டியது தீயை. அவனைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். மாத்திரைப் பட்டைகள், பூச்சிமருந்து எதுவும் அவன் கைக்கு எட்டக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைத் தாண்ட வைப்பதுதான் வேலை. "செத்துப்போகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பலருக்கு ஆறுதல்.

அடுத்து ஆவி. 14416ஐ அழைக்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது, பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வழிநடத்துகிறது. இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. தம்பி பேச மறுத்தால் அக்காவே பேசலாம். பேசும் மொழியைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு, அதில் தமிழும் இருக்கிறது. கடைத்தெருத் தெலுங்கு காய்கறி வாங்கப் போதும். மனம் உடைந்தவன் தன் மொழியில்தான் அழுவான்.

முதலில் பேசும் பயிற்சி பெற்ற ஆலோசகர், குக்கரின் வெயிட் மாதிரி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார். வெயிட்டால் முடியாதபோது மூடியிலுள்ள சேஃப்டி வால்வு உருகி வழிவிடுமே, அதற்குத்தான் இரண்டாம் அடுக்கு: மனநல மருத்துவர் உள்ளிட்ட நிபுணர்கள்.

ஏதாவது செய்துகொண்டுவிட்டான், அல்லது நிறுத்தவே முடியவில்லை என்றால் ஆலோசகருக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 108 அல்லது 112ஐ அழைக்க வேண்டும். அரசு மனநல மருத்துவமனை எர்ரகட்டாவில், நகரின் மறுபக்கம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவசரப் பிரிவுள்ள பக்கத்து மருத்துவமனைக்கே போகலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர மனநல சிகிச்சை தரலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்கிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவரைத் தண்டிக்க முடியாது.

கடனா, வேலையா, காதலா என்ற விசாரணையெல்லாம் மூடி திறக்கும் சமயத்துக்கு. மறுநாள் அவன் சாதாரணமாகக் காபி குடிப்பதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். "சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டரைப் பார்க்கிறோம், நானும் வரேன்" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். அன்று இரவு மறுபடி தாங்க முடியாமல் போனாலும் அதே 14416தான்.