சைக்கிள் சீட்டும் உடல் சுகமும்



தோட்டப்புறத்தில் வேலைக்காட்டுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் சைக்கிளை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. மிதித்து இறங்கியதும் தொடையிடுக்கு மரத்துப்போனால், "சீட்டு கல்லாக இருக்கிறது, மெத்தையாக ஒன்று வாங்கிப் போடுவோம்" என்று கடைக்குப் போகிறோம். காசு போகிறது, நோவு போவதில்லை. ஏன்?

உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை, பிட்டத்தின் அடியிலுள்ள இரண்டு எலும்புகள். சீட்டு அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் அவை உள்ளே புதைந்துவிடும். அப்போது சீட்டின் நடுப்பகுதி மேலெழும்பி, அங்குள்ள நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் அழுத்தும். மரத்துப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

புதிது வாங்குமுன் பழையதைச் சரிசெய்து பார்ப்போம். இதற்குச் செலவில்லை. சீட்டின் மேற்பரப்பு சமமாக இருக்கட்டும். முனை தூக்கியிருந்தால் உடலை அழுத்தும். தாழ்ந்திருந்தால் முன்னே சறுக்கி, கைகள் நோகும். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கும்போது கால் நேராக நீளுவதே ஏற்ற உயரம். ஒரே சைக்கிளைப் பலர் ஓட்டினால், சீட்டுக் குழாயில் அவரவர் உயரத்துக்கு ஒரு சாயக்கோடு போட்டுவைக்கலாம். குழாயில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியுமளவு உயர்த்தக்கூடாது.

வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், அகலத்தை முதலில் பாருங்கள். பெட்டி அட்டைத் துண்டொன்றைக் கெட்டியான பலகைமேல் வைத்து, உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு 12 சென்டிமீட்டர் என்றால், சீட்டின் பின்பாகம் அதைவிட 2, 3 சென்டிமீட்டராவது கூடுதலாக வேண்டும். நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் சற்று அகலமும், அடியில் ஸ்பிரிங்கும் நல்லது. பெண்களுக்கு இந்த இடைவெளி பொதுவாகக் கூடுதல். அப்பாவுக்குப் பொருந்திய சீட்டு மகளுக்குப் பொருந்தாமல் போகலாம்.

தோல் சீட்டு விலை கூடியது. மழையில் ஊறினால் தொய்ந்துவிடும். ரெக்சின் உறை போட்டதே நமக்குப் போதும். கட்டைவிரலால் அழுத்தினால் சற்று அமுங்கி, உடனே எழும்பவேண்டும். அடிப்பலகை விரலில் தட்டினால் ஸ்பஞ்சு மெல்லியது என்று பொருள். உறை கிழிந்தால் ஸ்பஞ்சு தண்ணீர் குடிக்கும், அன்றே ஒட்டிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மரத்துப்போவது நீடித்தால், மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சீட்டை மாற்றிக்கொள்ளலாம், உடலை மாற்ற முடியாது.