பழைய இயந்திரத்துக்குப் புதிய மேனி

பழைய மோட்டார்ச் சைக்கிளைப் புதுப்பிப்போர் பலர், எஞ்சினைச் செப்பனிட்டதும் வேலை முடிந்ததென எண்ணுவர். ஆயின், அதற்குத் தகுந்த மேனியை அமைப்பதே கைத்திறனுக்கு உண்மையான சோதனையாகும்.

முதலிற் கடதாசி மட்டையில் வடிவத்தை வெட்டிப் பார்த்து, பின்னர் மரத்தில் அச்சுரு செய்துகொள்வர். அதன் வளைவுக்கு இசைய அலுமினியத் தகட்டை மணற்பையின்மேல் வைத்து மரச்சுத்தியலால் அடிப்பர். அடிக்க அடிக்கத் தகடு இறுகும். மேலும் அடித்தால் வெடிக்கும். எனவே அதனைச் சூடாக்கி இளக்குதல் வேண்டும். இரும்பைப்போல் அலுமினியம் சிவந்து எச்சரிப்பதில்லை, திடீரென உருகிவிடும். ஆதலாற் சவர்க்காரத்தைப் பூசிச் சூடாக்கி, அது கறுத்ததும் நெருப்பை விலக்குவர்.

அழகு மட்டும் போதுமா? காற்றையும் கணக்கிடல் வேண்டும். இத்தாலியின் மோட்டோ குஸி நிறுவனம் 1950 இல் மண்டெல்லோ நகரிற் காற்றுச் சுரங்கமே அமைத்துப் பந்தய வண்டிகளின் உறைகளை ஆராய்ந்தது. முன்சில்லையும் மூடிய அவ்வகை உறைகளை ஆங்கிலேயர் ‘குப்பைத்தொட்டி’ என வேடிக்கையாக அழைத்தனர். அவை வேகத்தைப் பெருக்கின. எனினும், பக்கக் காற்று வீசியபோது அகன்ற உறை கப்பற்பாய் போலாகி வண்டியை நிலைகுலையச் செய்தது. ஆகவே 1958 ஆம் ஆண்டுப் பந்தயங்கள் முதல் சர்வதேசச் சம்மேளனம் அவற்றைத் தடைசெய்தது.

இக்கலை பயில விரும்பும் இளைஞர்கள் இதனை மனத்திற் பதித்தல் நன்று. முன்சில்லு இருபுறமும் தடையின்றித் திரும்புகிறதா, எஞ்சினுக்குக் குளிர்காற்றுக் கிடைக்கிறதா எனப் பார்த்த பின்னரே வர்ணம் பூசுதல் வேண்டும். மேனி இயந்திரத்துக்கு அழகு. அதன்மேல் அமர்ந்து செல்வதோ ஓர் உயிர்.