கண்டியில் ஒரு கைப்பம்பு

மைக்கேல் ஜாக்சன் என்றதும் நமக்கு நினைவு வருபவர் பாட்டுக்காரர். பியரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடுவே அந்தப் பெயர் வேறொருவருக்கு உரியது. அவர் தாடி வைத்த ஆங்கிலப் பத்திரிகையாளர். உலகத்துப் பியர்களை வகை பிரித்து 1977இல் பெரிய நூல் ஒன்று எழுதினார், 2007இல் காலமானார். ஓர் ஊருக்குப் போனால் அங்கே காய்ச்சுவதை அங்கேயே குடித்துப் பார்க்க வேண்டும் என்று இன்று பயணத் திட்டம் போடுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்குப் பாதை வெட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவருடைய எழுத்தில் நம் மலைநாடும் வருகிறது. கண்டியில் யு.கே.டி. சில்வா கடை, நுவரெலியாவில் பெயரே ‘பியர் ஷொப்’ என்ற கடை. இரண்டிலும் ஸ்டவுட் மரப்பீப்பாயில் வந்தது. கைப்பம்பை இழுத்துக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று எழுதினார்.

இதில் என்ன அதிசயம் என்று கண்டிக்காரர் கேட்டிருப்பார். அவருக்கு அது அன்றாடம். ஆனால் பீப்பாய் பியர் என்பது வடிகட்டாதது, சூடுகாட்டிக் கொல்லாதது. ஈஸ்ட் உள்ளே உயிரோடிருக்கும்; பீப்பாய்க்குள் போன பிறகும் இன்னொரு தடவை புளித்து நுரை கட்டும். திறந்தால் சில நாளில் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும். இந்த முறை அழிகிறதே என்று பதறி பிரித்தானியக் குடியர்கள் 1971இல் காம்ரா என்றோர் இயக்கமே தொடங்கினார்கள். அங்கே கொடி பிடித்துக் காத்ததை இங்கே கடைக்காரர்கள் கொடி எதுவும் இல்லாமல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பீப்பாயின் ஊற்று நுவரெலியா. 1847இல் காய்ச்சலில் மெலிந்து உடம்பு தேற அங்கே போன ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், குளிரில் மயங்கி, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே பெயர்த்து வைக்கலாம் என்று முடிவு செய்தார். மறுவருடம் கலப்பை, கொல்லன், மாடு, ஆடு, வேட்டை நாய், குதிரை வண்டி என்று கப்பலோடு ஆளும் பொருளும் வந்து இறங்கின. அவருடைய குதிரைக்காரன் பெர்க்ஸ் குடித்துவிட்டு வண்டியை றம்பொடைக் கணவாயில் பள்ளத்தில் கவிழ்த்தான். மிச்சத்தைக் கொண்டுவர அனுப்பிய யானையை அதே மலையில் ஓட்டோட்டென்று ஓட்டிச் சாகடித்தான். இதைப் பேக்கரே தன் இலங்கை நினைவுகளில் சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறார். ஆக, நுவரெலியாவுக்குப் பியர் ஆலை வருவதற்கு முன்பே குடிகாரன் வந்து சேர்ந்துவிட்டான். ஆலைக்கு 1849ஐத் தொடக்கமாகச் சொல்வார்கள். வீட்டுக் கைத்தொழிலாக இருந்தது 1880களில் வியாபாரமாக வளர்ந்தது. லவர்ஸ் லீப் அருவிப் பக்கத்துத் தண்ணீரில்தான் காய்ச்சினார்கள். மோல்ட்டும் ஹொப்ஸும் கடல் தாண்டி வந்தன. உள்ளூர்ச் சரக்கு என்று சொல்ல அந்தத் தண்ணீரும் குளிரும், வேலை செய்த கைகளும்தான்.

எங்கள் ஊர் நாவலப்பிட்டிக்கு இந்தக் கதையில் என்ன இடம்? நாங்கள் வழியில் இருந்தோம். 1874இல் ரெயில் எங்கள் ஊர் வரை வந்து நின்றது. 1885இல் நானுஓயாவைத் தொடும் வரை, அதற்கு மேலே போகிறவர்களில் பலர் இங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். தோட்டத்துத் தொரைமார் குதிரையில் ஏறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்த சனங்கள் மூட்டையோடு மலையைப் பார்த்து நடந்தார்கள். பாதை நீண்ட பிறகும், ஏற்றத்துக்கு இன்னொரு எஞ்சினைப் பூட்டும் இடமாக எங்கள் ஸ்டேசன் இருந்தது. வழியூர்களில் சாப்பாட்டுக் கடையும் குடிக்கடையும் தானாக முளைக்கும், இங்கேயும் முளைத்தன.

ஆனால் மலைநாட்டில் பியர் எல்லாருடைய பானமாகவும் இருக்கவில்லை. அது கிளப்பில் தொரை குடிப்பது. லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குத் தவறணை. கள்ளுத் தவறணை ஒன்று, சாராயத் தவறணை ஒன்று. இந்தப் பிரிவு தானாக வந்ததல்ல. 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டமும் அதை ஒட்டிய ஏற்பாடுகளும் கள்ளையும் சாராயத்தையும் தனித்தனியே விற்க வழி செய்தன. ஊருக்கு ஊர் புதிதாகக் கள்ளுக்கடை திறக்கப் போகிறார்கள் என்றதும் எழுந்த எதிர்ப்பில்தான் சேனாநாயக்க சகோதரர்கள் அரசியலுக்கு வந்தார்கள். மேடையில் மதுவிலக்குப் பேசியவர்களில் எத்தனை பேர் தோட்டத்து லயத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி.

கள்ளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் ‘ஊர்ப் பானம்’ என்ற பேச்சே நம் நாட்டில் அரைகுறை. பியருக்கு ஆலை வேண்டும், கொதிக்கும் அண்டா வேண்டும், ஈஸ்ட் வேண்டும். கள்ளுக்கு மரம் மட்டும் போதும். பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மதியத்தில் கடுப்பு, மறுநாள் காடி. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு புளிக்காத பதநீர். தூரம் கொண்டுபோக முடியாத சரக்கு என்பதால், குடிக்க வேண்டுமானால் மரத்தடிக்குத்தான் போக வேண்டும். களுத்துறைப் பக்கம் போனால் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, அதில் நடந்தே மரம் மாறிச் சீவுகிறவர்களைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பனை. எங்கள் பக்கம் கித்துள். கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைக்கு இறங்கும் பாதையில் அந்த மரத்தின் பெயரே ஊருக்குப் பெயர். மூன்று மரம், மூன்று ருசி. பெல்ஜியத்துக்காரர் தங்கள் கிராமத்துக் காட்டு ஈஸ்ட் பியரைப் பெருமையாகச் சொல்லும்போது நமக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

பெருமையோடு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். தவறணை, சம்பள நாளில் கூலியை வாசலிலேயே பிடுங்கிக்கொண்ட இடம். தோட்டத்துப் பெண்களிடம் கேட்டால் ஊர்ப் பானத்தின் மகிமையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அடுப்பில் வைக்க அரிசி இல்லாத இரவுகளைப் பற்றிப் பேசுவார்கள். தவறணை மூடினால் கள்ளச்சாராயமான கசிப்பு வந்தது. அது இன்னும் மோசம். அந்தக் காலத்தை அழகு பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அன்று குடித்தது எந்த மரத்துச் சாறு, எந்த மலைத் தண்ணீர் என்பதாவது குடித்தவனுக்குத் தெரிந்திருந்தது.

1990களின் இறுதியில் நுவரெலியா ஆலை மலையை விட்டு இறங்கி, கொழும்புக்கு அருகே பியகமையில் பெரிய ஆலையாக எழுந்தது. வியாபாரக் கணக்கில் அது சரியான முடிவு. துறைமுகம் பக்கம், சந்தை பக்கம். மோல்ட்டை லொறியில் ஏற்றி மலையேற்றி, பியரை மறுபடி இறக்குகிற கூத்து இல்லை. மலையில் ஆலையும் போய், அங்கிருந்து வந்த பீப்பாயும் போயிற்று. இடம் மாறியதில் இன்னொரு சங்கதியும் நடந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி பியகமை ஆலைக்குள் புகுந்தது. உற்பத்தி நின்று, நாடு முழுக்கப் பியருக்குத் தட்டுப்பாடு. ஒரே ஆலையை நம்பினால் ஒரே வெள்ளத்தில் நாடே காய்ந்துவிடும் என்பதை அந்த மாதத்தில்தான் பலர் யோசித்தார்கள்.

இன்றைக்கு நாவலப்பிட்டியில் பியர் என்றால் வைன் ஸ்டோர்ஸ். பெயரில்தான் வைன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கடைக்காரர். காசு உள்ளே போகும், டின் வெளியே வரும், சுருட்டிக் கொடுக்கப் பத்திரிகைத் தாள். ருசி பற்றிய பேச்சே கிடையாது. கேட்பது “ஸ்ட்ரோங் இருக்கா?” என்பது மட்டும். லாகரில் 4.8 சதவீதம், ஸ்ட்ரோங்கில் 8.8, ஏறிக்கொண்டே போகும் விலையில் எது லாபம் என்று எந்தப் படிக்காத ஆளும் கணக்குப் போடுவான். ஜாக்சன் புகழ்ந்த ஸ்டவுட் இன்னும் இருக்கிறது. அதுவும் 8.8தான், கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. அங்கே அதைச் சின்னக் கிளாசில் ஊற்றி, சொக்லட் மணக்கிறது, கோப்பி மணக்கிறது என்று எழுதுகிறார்கள். இங்கே ஸ்டேசன் பின்பக்கம் நின்று இரண்டு மடக்கில் முடிக்கிறார்கள்.

இதற்கிடையில் உலகம் எதிர்த்திசையில் நடந்துவிட்டது. அமெரிக்காவில் 1976இல் ஒருவர் நியூ அல்பியன் என்று சின்னதாகத் தொடங்கிய ஆலை சில வருடத்தில் மூடினாலும், அதன் வழியில் வந்தவை இப்போது ஆயிரக்கணக்கில். இந்தியாவில் 2009இல் பூனேயில் டூலாலி, 2010இல் பெங்களூரில் டோயிட். இந்திராநகரில் அந்த டோயிட்டுக்குப் போய்வந்த எங்கள் வீட்டுப் பையன் (அக்கா மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை) போனில் பிடித்துக்கொண்டான்.

“மாமா, டேங்கு கண்ணு முன்னுக்கே நிக்குது. காய்ச்சினவரே வந்து என்ன போட்டிருக்குன்னு சொல்றாரு. நாங்க போற ஊர்ல எல்லாம் இப்ப முதல்ல இதத்தான் தேடுறது.”

“உங்க தாத்தாவும் அப்படித்தான்டா, மரத்தடிக்கே போவாரு.”

“அது வேற மாமா.”

வேறுதான். தாத்தாவைப் பார்த்தவர்கள் குடிகாரன் என்றார்கள். இவனைப் பார்க்கிறவர்கள் ரசிகன் என்கிறார்கள். நடுவில் மாறியது சம்பளம்.

அவன் அடுத்துக் கேட்டதுதான் எனக்குச் சங்கடம். பெங்களூர்க் கூட்டாளிகள் ஐந்தாறு பேர் வருகிறார்களாம், பாதிப் பேர் பெண்கள். மலைநாட்டில் அப்படி ஓரிடம் காட்ட முடியுமா? 2018 ஜனவரியை நினைத்துக்கொண்டேன். பெண்களுக்கு மது விற்கக் கூடாதென்ற பழைய கட்டுப்பாட்டை நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்க, சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். ஹோட்டலில் யாரும் தடுப்பதில்லை. ஆனால் எங்கள் ஊர் வைன் ஸ்டோர்ஸ் வரிசையில் ஒரு பெண் நின்றால் மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. கித்துள் கள்ளும் சுலபமல்ல. அனுமதி இல்லாமல் விற்றால் வழக்கு. அதனால் சீவுகிற ஆள் சாற்றைப் பாணியாகக் காய்ச்சிப் போத்தலில் அடைத்து ரோட்டோரம் வைக்கிறார். வெள்ளைக்காரர்கள் பாணி வாங்கிப் போகிறார்கள், அது புளித்தால் என்ன ருசி என்று தெரியாமலே.

மிச்சம் இருப்பது தேயிலை. செய்யும் இடத்துக்கே போய்ச் சுற்றிப் பார்த்து, அங்கேயே குடித்துப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் வந்தது பியரில் அல்ல, அதில்தான். ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றை 2001இல் தேயிலை நூதனசாலையாக மாற்றினார்கள். நுவரெலியாப் பாதையில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பஸ் நிற்கிறது. வாட்டும் தட்டு, அரைக்கும் உருளை எல்லாம் காட்டி, கடைசியில் ஒரு கோப்பை. காய்ச்சினவரே வந்து சொல்வது இங்கேயும் உண்டு. ஆனால் கொழுந்து பறித்தவரை யாரும் கூட்டி வந்து அறிமுகம் செய்ததை நான் பார்க்கவில்லை. நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போக, லயத்து அடுப்பில் கொதிப்பது டஸ்ட்.

இதையெல்லாம் சொல்லி, பழைய ஆலை இருந்த பக்கம், கித்துள் பாணிக் கடை, தொழிற்சாலை ஒன்று, இரவுக்குக் கண்டியில் ஒரு ஹோட்டல் பார் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பினேன். அவன் டிக்கெட் தேதியை அனுப்பினான். கலண்டரைப் பார்த்தேன். வந்து இறங்குகிற நாள் போயா, பௌர்ணமி விடுமுறை; மதுக்கடை பூட்டு.

“பரவால்ல மாமா, மறுநாள் போவோம்” என்றான்.

மறுநாள் நத்தார். அன்றைக்கும் கடை பூட்டு.