பூச்சியம் ஒரு விலையல்ல

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் மொத்த விலைகளைக் கைத்தொலைபேசியில் காட்டும் செயலி ஒன்றை மாத்தளை மாணவி ஒருத்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியல் வேறெங்கோ இருக்கும் சேர்வரிலிருந்து வரவேண்டும். இணைப்பு அறுந்துவிடுகிறது. செயலி என்ன செய்ய வேண்டும்?

பிழையைப் பிடித்து, சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, 0 என்று பதில் அனுப்பும் நிரல்கள் பல உண்டு. பெரிய வெங்காயம் கிலோ 0 ரூபா என்று திரையில் வந்தால் எவரும் நம்பமாட்டார்கள். அதே பூச்சியம் வாரச் சராசரிக்குள் கலந்துவிட்டால்தான் ஆபத்து. சராசரி தாழும், ஆனால் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். கலேவெல விவசாயி அதை நம்பி விளைச்சலைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்.

பிழையைத் தரவாக எடுத்துக்கொண்டதால் ஒரு ரொக்கெட்டே அழிந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 புறப்பட்டு ஏறத்தாழ 37 செக்கனில், 64 பிட் எண்ணொன்றை 16 பிட் இடத்துக்குள் அடக்க முயன்ற நிரல் தோற்றது. அந்தத் தோல்வியைக் கையாள எந்த ஏற்பாடும் இல்லை. திசை காட்டும் கருவி நின்றுபோய், தன் கோளாறு பற்றிய குறிப்பை அனுப்பியது. பிரதான கணினி அதைப் பறப்புத் தரவென்றே படித்து ரொக்கெட்டைத் திருப்பியது.

பிழையை அப்படியே மேலே தள்ளிவிடுவதும் போதாது. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற வரி மட்டும் கையில் இருந்தால், எந்த வேலையின்போது, எந்தப் பயிருக்கு என்று தெரியாது. நல்ல நிரலில் ஒவ்வொரு அடுக்கும் தான் செய்ய முயன்றதைச் சேர்த்து, மூலப் பிழையை உள்ளே வைத்துச் சுற்றி அனுப்பும்: 'வாரச் சராசரி கணிக்க முடியவில்லை: வெங்காய விலை பெற முடியவில்லை: இணைப்பு மறுக்கப்பட்டது.' பழுது பார்ப்பவர் கடைசித் துண்டிலிருந்து தொடங்கலாம். கோ (Go) என்ற நிரல் மொழி 2019 செப்டம்பரில் தன் 1.13 பதிப்பில் இந்த வசதியை நேரடியாகவே சேர்த்தது.

அதே மாதத்தில் பலரீனா (Ballerina) என்ற நிரல் மொழியின் 1.0 பதிப்பும் வந்தது. இலங்கையில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் மொழி அது. நாம் பெருமைப்பட வேண்டிய ஆக்கம். அதில் பிழையும் ஒரு பெறுமதிதான். விலை தரும் செயற்கூறு 'எண் அல்லது பிழை' என்று தன் வகையிலேயே அறிவிக்கும். வந்த பிழையைக் கண்டும் காணாமல் விடத் தொகுப்பான் இடம் தராது. புதிய பிழைக்குள் அதன் காரணமான பழைய பிழையை வைத்து அனுப்பவும் வழி உண்டு.

பிழையை எங்கே தீர்ப்பது? முடிவெடுக்கக்கூடிய இடத்தில், ஒரே ஒரு தடவை. ஒவ்வொரு அடுக்கும் பதிவேட்டில் எழுதினால் ஒரே கோளாறு ஐந்தாகத் தோன்றும். முழுப் பிழைச் சங்கிலியும் பதிவேட்டுக்குப் போகட்டும். சேர்வர் முகவரியெல்லாம் விவசாயிக்கு எதற்கு? 'இன்றைய விலை கிடைக்கவில்லை. இது நேற்றைய விலை' என்பதே அவருக்கு வேண்டியது.

தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாணவரின் நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தபின், இணைப்பைத் துண்டித்து இன்னொரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். புள்ளிகளில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள்.