முள்கரண்டி பெண்பால், கத்தி ஆண்பால்!

தமிழில் உயிரற்ற பொருள்கள் யாவும் அஃறிணை. பிரெஞ்சு மொழியிலோ ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். உணவு மேசையில் அருகருகே இருக்கும் முள்கரண்டி பெண்பால்: ‘லா ஃபூர்ஷெத்’. கத்தி ஆண்பால்: ‘ல கூத்தோ’. ‘லா’, ‘ல’ என்னும் முன்சொற்கள் பாலைக் காட்டுகின்றன. பொருளை எவ்வளவு உற்று நோக்கினாலும் அதன் பால் விளங்காது. அப்படியானால், எழுத்தறியாத பிரெஞ்சுக் குழந்தை இதை எவ்வாறு அறிகிறது?

செவியால்தான்! பிறந்து 4 நாட்களே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சுப் பேச்சையும் ரஷ்யப் பேச்சையும் ஒலிக்கச் செய்து, அவை ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை ழாக் மெஹ்லேர் குழுவினர் அளந்தனர். பிரெஞ்சு கேட்டபோது வேகம் கூடியது. இம்முடிவு 1988இல் வெளியாயிற்று. கருவிலிருந்தே தாய்மொழியின் ஏற்ற இறக்கம் பழகிவிடுகிறது எனக் கருதப்படுகிறது.

பின்னர் குழந்தை சொற்களைத் தனியாகக் கேட்பதில்லை. முன்சொல்லோடு சேர்த்தே கேட்கிறது. ‘பிஸிக்லெத்’ (சைக்கிள்) போல ‘எத்’ என முடிபவை பெரும்பாலும் பெண்பால். ‘ஷாப்போ’ (தொப்பி), ‘பாத்தோ’ (படகு) போல ‘ஓ’ என முடிபவை பெரும்பாலும் ஆண்பால். இந்த ஒழுங்கை யாரும் கற்பிக்காமலே அது கண்டுகொள்கிறது. அனெட் கார்மிலோஃப்-ஸ்மித் என்னும் அறிஞர், பொருளற்ற புதுச்சொற்களைக் குழந்தைகளிடம் கூறிச் சோதித்தார். சிறு குழந்தைகளும் சொல்லின் இறுதி ஒலியைக் கொண்டே பாலை முடிவு செய்ததை 1979இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

குழந்தையின் பிழைகளும் இதற்குச் சான்று. ‘படிக்கிறீர்கள்’ என்பது ‘வூ லிஸே’. ‘சொல்கிறீர்கள்’ என்பது விதிவிலக்காக ‘வூ தித்’. ஆனால் பிரெஞ்சுக் குழந்தைகள் ‘வூ திஸே’ என்பார்கள்! பெரியோர் அவ்வாறு பேசுவதில்லையே! கேட்டதை அப்படியே ஒப்பிக்காமல், தானே கண்ட விதியைக் குழந்தை புதிய சொல்லுக்குப் பொருத்துகிறது. நாள்தோறும் சரியான வடிவத்தைக் கேட்கக் கேட்க, பிழை தானே மறைகிறது.

நீங்கள் பிரெஞ்சு கற்பதாயின், ‘ஃபூர்ஷெத்’ என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். ‘லா ஃபூர்ஷெத்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சொல்லின் இறுதி ஒலியையும் கவனியுங்கள். விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டால் வாயடைத்துப் போக வேண்டாம். எந்த விதியை எங்கே மிகையாகப் பொருத்தினோம் என்று பாருங்கள். பல பிழைகளுக்குள் நீங்கள் சரியாகவே கண்டறிந்த ஒரு விதி மறைந்திருக்கும்.