இளம் பருவத்தில் உண்ணல் கோளாறுகள்: ஆய்வுகள் உணர்த்துவது என்ன?

பள்ளியொன்றில் மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. பதினைந்து வயது மாணவி ஒருத்தி எடைக் கருவியின் மீது நிற்கிறாள். அவளது வயதுக்கும் உயரத்துக்கும் உரிய எடை இல்லை. பதிவேட்டில் 'எடை குறைவு' என்று குறிக்கப்படுகிறது. இரும்புச் சத்து மாத்திரையும், கீரையும் பருப்பும் சேர்த்து உண்ணுமாறு அறிவுரையும் வழங்கப்படுகின்றன.

நம் நாட்டின் நிலையை நோக்கும்போது இது பெரும்பாலும் பொருத்தமான முடிவேயாகும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்த சோகை இருந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 18.7 சதவீதத்தினர் மெலிந்தவர்களாகவும், 24 சதவீதத்தினர் மிகை எடை உடையவர்களாகவும் இருந்தனர். வறுமையால் விளையும் மெலிவும், வசதியால் விளையும் பருமனும் ஒரே நாட்டில், பல வேளைகளில் ஒரே தெருவில் காணப்படுகின்றன.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. உணவு கிடைத்தும் உண்ண அஞ்சுவது, அளவின்றி உண்டுவிட்டுப் பின் வாந்தி எடுப்பது, தன் உடலைத் தானே வெறுப்பது ஆகியவை இந்நிலையின் அடையாளங்கள். உணவு கிடைக்காமல் மெலிந்த பெண்ணையும், உண்ண அஞ்சி மெலிந்த பெண்ணையும் எடைக் கருவி ஒன்றுபோலவே காட்டும். காரணத்தைக் கேட்டறிய வேண்டியவர் மனிதரே. என்ன கேட்க வேண்டும், எவ்வாறு கேட்க வேண்டும் என்பதைக் கடந்த எண்பது ஆண்டுகளின் ஆராய்ச்சிகள் ஓரளவு தெளிவாக்கியுள்ளன.

பழைய நோய், புதிய பெயர்கள்

இக்கோளாறு தொலைக்காட்சியும் அழகுப் போட்டிகளும் தோற்றுவித்த புது நோய் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. 1689ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், வேறு நோய் எதுவும் காணப்படாமலே உணவை மறுத்து எலும்பும் தோலுமாகிவிட்ட இளம் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதியுள்ளார். 1873ஆம் ஆண்டில் பாரிஸில் லாசேக், லண்டனில் வில்லியம் கல் ஆகிய இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்நோயை விளக்கினர். கல் அளித்த 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது. பசியின்மை என்று பொருள்படும் இப்பெயர் ஓரளவு தவறானதே. நோயாளிக்குப் பசி இல்லாமல் இல்லை. பசியை அடக்குவதே நோயின் இயல்பு.

கட்டுக்கடங்காமல் உண்டு, பின் வாந்தி, பேதி மருந்து முதலியவற்றால் அதை வெளியேற்ற முயலும் 'புலிமியா' நோயை 1979இல் லண்டனைச் சேர்ந்த ஜெரால்டு ரஸ்ஸல் தனி நோயாக விளக்கினார். வெளியேற்றும் முயற்சி இன்றி மிதமிஞ்சி உண்ணும் கோளாறு, 2013இல் வெளியான அமெரிக்க மனநோய்ப் பகுப்பு நூலில் தனி இடம் பெற்றது. புலிமியா நோயாளியின் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எனவே எடையை மட்டும் நோக்குபவர் கண்ணுக்கு இந்நோய் தென்படுவதில்லை.

இவை உயிரைப் பறிக்கக் கூடியவை. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, அனோரெக்ஸியா நோயாளிகளிடையே இறப்பு, அதே வயதினரிடையே எதிர்பார்க்கப்படும் அளவைப் போல ஏறத்தாழ ஆறு மடங்காகும். இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர்.

பட்டினி மனத்தை மாற்றுகிறது

நோயாளியின் பிடிவாதமே நோய்க்குக் காரணம் என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணத்தை மாற்றும் சான்று எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பட்டினியால் வாடும் மக்களை மீட்கும் முறையை அறிவதற்காக, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். உடல் நலமும் மன நலமும் நன்கு அமைந்தவர்கள் என்று சோதித்தறிந்த பின்னரே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

1945ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களுடைய உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். எடை குறைந்ததைவிட மனம் மாறியதே வியப்புக்குரியது. அவர்கள் நாள் முழுதும் உணவைப் பற்றியே எண்ணினர், சமையல் நூல்களைச் சேகரித்தனர், சிறிதளவு உணவை நீண்ட நேரம் வைத்து உண்டனர், நண்பர்களிடமிருந்து விலகினர், சோர்வுக்கும் எரிச்சலுக்கும் ஆளாயினர். சிலருக்குத் தாம் மெலிந்திருப்பதாகத் தோன்றவில்லை. மற்றவர்களே அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாகத் தோன்றியது. கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் சிலர் நிறுத்த இயலாமல் உண்டனர்.

உண்ணல் கோளாறு உடைய இளம் பெண்ணிடம் காணப்படும் 'பிடிவாதங்கள்' பலவும் இவ்விளைஞர்களிடம் தோன்றின. எனவே உணவைக் குறைத்ததற்கு முதற்காரணம் எதுவாயினும், குறைந்தபின் பட்டினியே நோயை வளர்க்கிறது எனலாம். எடையை மீட்காமல் மனத்தை மட்டும் திருத்த முயல்வது பயன் தராது என்பதும் இதனால் பெறப்படுகிறது.

ஃபிஜித் தீவில் தொலைக்காட்சி

உணவைக் குறைக்கும் எண்ணம் எவ்வாறு தோன்றுகிறது? பசிபிக் பெருங்கடலிலுள்ள ஃபிஜி நாட்டில், திடமான உடலே நலத்துக்கும் குடும்பத்தாரின் அன்பான பராமரிப்புக்கும் அடையாளமாகக் கருதப்பட்டு வந்தது. ஒருவர் மெலிந்தால் சுற்றத்தார் கவலையுறுவர். இந்நாட்டின் நட்ரோகா பகுதிக்கு 1995ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998இலும் ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்தார்.

உண்ணும் மனப்பான்மையை அளக்கும் வினாத்தாளில் கவலைக்குரிய மதிப்பெண் பெற்றோர் 1995இல் 12.7 சதவீதத்தினர், 1998இல் இது 29.2 சதவீதமாக உயர்ந்தது. எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுப்பவர் 1995இல் ஒருவரும் இல்லை; 1998இல் 11.3 சதவீதத்தினர் இருந்தனர். இரு ஆண்டுகளிலும் ஆராயப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவியர். ஒவ்வொரு முறையும் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களே கலந்துகொண்டனர். ஆகவே தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது.

நேர்காணல்களில் அம்மாணவியர் கூறியவை இன்னும் கருதத்தக்கவை. மெலிந்த உடல் அழகுக்காக மட்டும் விரும்பப்படவில்லை. திரையில் கண்ட பெண்களைப் போல நல்ல வேலையும் முன்னேற்றமும் பெறுவதற்கு அது ஒரு வழி என்று அவர்கள் நம்பினர். விரைவாக மாறிவரும் சமுதாயத்தில், எதிர்காலத்துக்கு என்ன தேவை என்று அறியாத இளம் உள்ளம், தன் கைக்கு எட்டும் உடலையே மாற்ற முற்படுகிறது. வளர்ச்சிப் பாதையில் செல்லும் எந்த நாடும் சிந்திக்க வேண்டிய செய்தி இது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெக்கரும் உடன் பணியாற்றியவர்களும், நண்பர்கள் வழியாக மறைமுகமாக வந்து சேரும் தாக்கத்தையும் எடுத்துக்காட்டினர். வீட்டில் திரை இல்லாமையே பாதுகாப்பு ஆகிவிடாது. திரை இன்று கைப்பேசியாக ஒவ்வோர் இளைஞர் கையிலும் உள்ளது. அதில் திருத்தியமைத்த தம் படத்தையே இளைஞர்கள் பிறர் மதிப்பீட்டுக்கு வைக்கின்றனர்.

எனினும், ஒரே படத்தைக் காண்போர் அனைவரும் நோயுறுவதில்லை. இதில் மரபுக்கும் பங்கு உண்டு. ஏறத்தாழ 17,000 அனோரெக்ஸியா நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இந்நோயுடன் தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. ஆகவே பெற்றோரையோ மாணவியையோ குற்றஞ்சாட்டுவதற்கு இடமில்லை.

இது பெண்களுக்கு மட்டுமே உரிய துன்பமும் அன்று. போதிய தசை இருந்தும் தம் உடல் சிறுத்திருப்பதாக வருந்தி, உடற்பயிற்சியிலும் மருந்துகளிலும் மூழ்கும் ஆடவரின் நிலையை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவருடைய குழுவினரும் 1997இல் விளக்கினர். இத்தகைய இளைஞனை 'உடலைப் பேணுபவன்' என்று பாராட்டுவோரே மிகுதி.

இந்தியச் சூழலில் அளவுகோல்

மேலை நாட்டு வினாத்தாள்களை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் இந்தி வினாத்தாளைக் கொண்டு மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா ஆகியோர் நடத்திய ஆய்வு 1989இல் வெளிவந்தது. பலர் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். ஆனால் சில வினாக்கள் வேறு பொருளில் புரிந்துகொள்ளப்பட்டிருந்தன. உணவில் தன்னடக்கம் என்பது விரதம் நோற்கும் சமுதாயத்தில் நற்பண்பு, நோய்க்குறி அன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995இல் டில்லி மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், உணவு மறுப்பு, வாந்தி, கடும் எடை இழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவற்றோடு வந்த ஐந்து இளம் பெண்களின் நிலை விவரிக்கப்பட்டது. தம் உடல் பருத்துள்ளது என்னும் எண்ணம் அவர்களிடம் வெளிப்படவில்லை. 'பருமனாகி விடுவேன்' என்ற அச்சத்தை மட்டும் தேடும் மருத்துவர் இவர்களைத் தவறவிட்டிருப்பார். நம் மக்களிடையே இவ்வச்சம் வயிற்று உப்புசம், செரியாமை, விருப்பமின்மை என்னும் சொற்களில் மறைந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு மொழியிலும், மக்கள் வழங்கும் சொற்களைக் கொண்டு வினாக்களை அமைத்துச் சோதித்தல் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் காத்திருக்கும் பணியாகும்.

செய்ய வேண்டுவன

1999இல் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட எளிய வினாத்தாள் ஒன்றில் ஐந்து வினாக்களே உள்ளன. வயிறு மிகவும் நிறைந்ததாக உணர்ந்து வாந்தி எடுப்பதுண்டா? உண்ணும் அளவு கட்டுமீறிப் போவதாகக் கவலை உண்டா? மூன்று மாதங்களில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? பிறர் மெலிவு என்று கூறும்போதும் தான் பருமன் என்று எண்ணுவதுண்டா? உணவே வாழ்வை ஆட்டிவைக்கிறதா? இரண்டுக்கு 'ஆம்' என்று விடை வந்தால் மருத்துவ ஆய்வு தேவை. இதிலும் நம் நிலைக்கேற்ற மாற்றம் வேண்டும். 38 கிலோ மட்டுமே உள்ள பெண், ஆறு கிலோ குறையும் வரை காத்திருப்பது ஆபத்தாக முடியும்.

சிகிச்சையில் காலம் முக்கியமானது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேற்படாத அனோரெக்ஸியா நோயில், தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பத்தினரை ஈடுபடுத்தும் சிகிச்சை சிறந்த பயன் தந்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல், பிள்ளையை உண்ணவைக்கும் துணைவர்களாக ஆக்குவதே இம்முறை. கூடி வாழும் நம் குடும்பங்களுக்கு இது அந்நியமானதன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு அன்பு மிகுதியால் திடீரென மிகுந்த உணவு தருவது, இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகளைக் குறைத்து இதயத்தைத் தாக்கக் கூடும். கடுமையாக மெலிந்தவரை மருத்துவக் கண்காணிப்பிலேயே படிப்படியாக உண்ணச் செய்தல் வேண்டும்.

இதற்கெனப் புதிய துறை எதையும் தொடங்க வேண்டியதில்லை. 2014இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ளோரின் ஊட்டச்சத்து, மன நலம் ஆகிய இரண்டையும் தன் நோக்கங்களில் சேர்த்துள்ளது. 2022இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்து மனநல ஆலோசனை பெறலாம். இல்லாதது இவ்விரண்டையும் இணைக்கும் பார்வையே. எடை பார்க்கும் பணியாளர் தனியிடத்தில், கேலியின்றி, ஓரிரு வினாக்கள் கேட்கலாம். வகுப்பறையில் எடையை உரக்கப் படிக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். பருமனைக் குறைக்கும் பிரசாரங்கள் உடலைப் பழிக்காமல், உணவையும் விளையாட்டையும் பற்றிப் பேசலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

தானியக் களஞ்சியங்களை நிரப்புவதும், அத்தானியம் ஒவ்வொரு தட்டையும் சென்றடையச் செய்வதும் அரசின் கடமைகள். தட்டில் உள்ள உணவை ஓர் இளம் பெண் அச்சமின்றி உண்ணும் நிலையே அம்முயற்சிகள் முழுமை பெறும் இடமாகும். பதிவேட்டில் 'எடை குறைவு' என்று எழுதும் கை, ஒரு கணம் நின்று 'ஏன்?' என்று கேட்குமானால், ஓர் உயிர் காப்பாற்றப்படலாம்.